உதம் பாயின் தில்லி: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்

சுனஹரி மஸ்ஜித் என்று ஆட்டோ ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் என்னைச் சாந்தினி சௌக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவர் மீது குற்றமில்லை. தில்லியில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மசூதிகள் உண்டு. பொன் மசூதி என்பது அதன் பொருள். சாந்தினி சௌக்கில் இருப்பது 1721-22-இல் ரோஷன் உத் தௌலா கட்டியது. 1739 மார்ச்சில் பாரசீகத்து நாதிர் ஷா அதன் மேல்தளத்தில் அமர்ந்திருக்க, கீழே நகர மக்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். நான் தேடி வந்தது அந்தப் படுகொலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுந்த மசூதி. ஆனாலும் முதலில் இங்கு வந்து சேர்ந்தது ஒருவிதத்தில் பொருத்தம்தான். இனி எழுதப்போகும் கதையில் பணமில்லாத கஜானா ஒன்று அடிக்கடி குறுக்கிடும். அது காலியான இடம் இதுவே.

அங்கிருந்து நடந்து செங்கோட்டையின் தில்லி வாசல் பக்கம் வந்தேன். வாகன நிறுத்துமிடத்தை ஒட்டி, மரங்களுக்கிடையே, வெளிர்மஞ்சள் கல்லில் மூன்று குவிமாடங்களும் இரண்டு மினார்களும் கொண்ட சிறிய மசூதி நிற்கிறது. குவிமாடங்களில் ஒருகாலத்தில் பொன்முலாம் பூசிய செப்புத் தகடுகள் வேய்ந்திருந்தன. அவை சிதைந்து போகவே, கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபர் 1852-இல் செம்பை அகற்றிவிட்டுக் கல்லைப் பதித்தார். பெயரில் மட்டும் பொன் மிஞ்சியிருக்கிறது. கல்வெட்டு சொல்லும் ஹிஜ்ரி ஆண்டு 1164, அதாவது 1750-51. கட்டுவித்தவர் குத்ஸியா பேகம். உடனிருந்து பணியை நடத்தியவர் அவருடைய அரண்மனை அதிகாரி ஜாவித் கான்.

குத்ஸியா பேகம் என்பது பிற்காலத்தில் வந்த பட்டம். அதற்கு முன் அவர் உதம் பாய் என்னும் நடனப் பெண்ணாக இருந்தார். சக்கரவர்த்தி முகம்மது ஷாவின் கண்ணில் பட்டு அந்தப்புரத்துக்குள் வந்தவர். தமிழில் நாம் ஆசைநாயகி என்றோ காமக்கிழத்தி என்றோ ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். முகலாய அந்தப்புரத்திலோ உயர்குலத்தில் பிறந்து முறைப்படி மணம் முடித்து வந்த பேகம், அரசனின் விருப்பத்தால் உள்ளே வந்து ‘பாய்’ என்றோ ‘மஹல்’ என்றோ பெயரில் ஒட்டு பெற்றவர், பணிப்பெண்ணாக இருந்து அரசனின் பிள்ளையைப் பெற்றவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி இருந்தது. ஒரு படியிலிருந்து மற்றொன்றுக்கு ஏறவும் முடியும், இறங்கவும் நேரும். உதம் பாய் இரண்டையும் கண்டவர். 1725 டிசம்பரில் மகன் அகமது பிறந்தான். பிறகு அவர் செல்வாக்கிழந்தார். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பும் பட்டத்தரசி மலிக்கா உஸ் ஸமானியின் கைக்குப் போயிற்று. அந்த அரசி ஃபரூக் சியர் சக்கரவர்த்தியின் மகள், குழந்தை இல்லாதவர். அந்தச் சிறுவன் அரியணை ஏறிய நாளில்தான் உதம் பாயின் இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது.

இரண்டாம் நாள், புதன்

செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை மட்டுமே விடுமுறை என்பதால் நேற்றே போயிருக்கலாம், களைப்பு விடவில்லை. இன்று காலை லாகூர் வாசல் வழியாக நுழைந்து, சத்தா சௌக் கடைகளைக் கடந்து, நௌபத் கானாவின் முன் வெகுநேரம் நின்றேன். அரச முரசும் நாகசுரம் போன்ற ஷெஹனாயும் நாளுக்கு ஐந்து வேளை ஒலித்த வாசல் இது. ஜஹந்தர் ஷா, ஃபரூக் சியர் ஆகிய இரண்டு சக்கரவர்த்திகள் இங்கேதான் கொல்லப்பட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஜஹந்தர் ஷாவைப் பற்றி இங்கே சொல்லாமல் முடியாது, ஏனெனில் உதம் பாய்க்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கோட்டையில் அவருடைய முன்னோடி ஒருத்தி வாழ்ந்தாள். லால் குன்வர், இசைக்குடும்பத்துப் பெண். 1712-இல் ஐம்பது வயதுக்கு மேல் அரியணை ஏறிய ஜஹந்தர் ஷா அவளுக்கு இம்தியாஸ் மஹல் என்று பட்டம் கொடுத்தான். யானை மேல் அவள் போகும்போது சக்கரவர்த்திக்கு முழங்குவது போலவே முரசு முழங்கிற்றாம். அவளுடைய உறவினரான பாடகர் ஒருவருக்கு முல்தான் மாகாணத்தைக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. வஸீர், அதாவது தலைமை அமைச்சர், ஜுல்ஃபிகார் கான் ஆணைப் பத்திரத்தை இழுத்தடித்து, கையூட்டாகத் தம்புராக்களைக் கேட்டாராம், அதுவும் நூற்றுக்கணக்கில். எதற்கு என்று சக்கரவர்த்தி கேட்டதற்கு, பாடகர்கள் சூபேதார்கள், அதாவது மாகாண ஆளுநர்கள், ஆகும்போது பிரபுக்கள் இனித் தம்புரா மீட்டிப் பிழைக்க வேண்டியதுதானே என்று பதில் வந்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஜுல்ஃபிகார் கான் நமக்கு அந்நியரல்லர்: 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு, இறுதியில் பிடித்த தளபதி அவரே. பதினொரு மாத ஆட்சிக்குப் பின் 1713 பிப்ரவரியில் ஜஹந்தர் ஷாவும் அவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன், சிறையிலிருந்த சக்கரவர்த்தி தன்னுடன் இருக்க லால் குன்வரை அனுப்பும்படி கேட்டான். அவளும் வந்து உடனிருந்தாள். பிறகு பழைய அரசர்களின் கைம்பெண்கள் ஒதுங்கி வாழும் சுஹாக்புராவுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள்.

லால் குன்வரைப் பற்றி எழுதியவர்களும் உதம் பாயைப் பற்றி எழுதியவர்களும் ஒரே குரலில் பேசுவதைக் கவனித்துக்கொண்டே அந்தப்புர மாளிகையான ரங் மஹல் வரை நடந்தேன். இருவரும் ஆடல் பாடல் மரபில் வந்தவர்கள். இருவருக்கும் தெருவில் திரிந்ததாகச் சொல்லப்படும் சகோதரர்கள் உண்டு, அவர்கள் ஒரே இரவில் பிரபுக்கள் ஆனதாகக் குற்றச்சாட்டும் உண்டு. உதம் பாயின் சகோதரர் மான் கான் பாடகிகளுக்குப் பின்னணியில் ஆடிப் பிழைத்தவர் என்றும், அவருக்கு ஆறாயிரம் மன்சப் என்னும் அரசுப் பதவித்தரம் கிடைத்தது என்றும் அக்காலப் பாரசீக நூல் எரிச்சலோடு எழுதுகிறது. அந்த எரிச்சல் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்: மன்சப் தமக்கே உரியது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய குடும்பங்களின் எரிச்சல் அது.

ரங் மஹலின் பளிங்குத் தாமரைத் தடாகம் வறண்டு கிடக்கிறது. நடுவே ஓடிய நஹர்-ஏ-பிஹிஷ்த் கால்வாயின் பள்ளத்தில் ஒரு அணில் ஓடிக்கொண்டிருந்தது. 1748 ஏப்ரலில் முகம்மது ஷா இங்கே இறந்தபோது, மகன் அகமது ஷா ஆப்கானியருடன் நடந்த மானுப்பூர்ப் போரிலிருந்து திரும்பும் வழியில் பானிபட்டில் இருந்தான். அவனுக்கு அங்கேயே முடிசூட்டினார்கள். வயது இருபத்திரண்டு. போரைப் பற்றியோ நிர்வாகத்தைப் பற்றியோ யாரும் அவனுக்கு எதையும் கற்றுத் தந்திருக்கவில்லை. மகன் அந்தப்புரத் தோட்டங்களில் காலம் கழிக்க, தாய் ஆட்சியைக் கையில் எடுத்தார். பாய்ஜூ சாஹிபா, நவாப் குத்ஸியா, சாஹிபா உஸ் ஸமானி, ஹஸ்ரத் கிப்லா-ஏ-ஆலம் என்று பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஐம்பதாயிரம் குதிரைக்குரிய மன்சபும் வந்தது. பேரரசின் மிகப் பெரிய பிரபுக்களுக்கே வழக்கமாக ஏழாயிரம்தான் உச்சம் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

அவர் ஆட்சி செய்த விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிகாரிகள் நாள்தோறும் அவருடைய முகப்பில் வந்து அமர்வார்கள். அவர் திரைக்குப் பின்னால் இருந்தோ குவாஜாசராக்கள் மூலமாகவோ அவர்களுடன் பேசுவார். குவாஜாசரா என்றால் காயடிக்கப்பட்டு அந்தப்புரப் பணிக்கு வைக்கப்பட்ட ஆண்கள். மனுக்கள் முத்திரையிட்ட உறைகளில் உள்ளே போகும். யாராவது படித்துக் காட்ட, அவர் கேட்டு உத்தரவு போடுவார். இதில் வேடிக்கை என்ன இருக்கிறது? திரையை எடுத்துவிட்டால் எந்த அமைச்சரின் அலுவலகமும் இப்படித்தான் நடக்கிறது. இறந்த சக்கரவர்த்தியின் மற்ற மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பணத்திலிருந்தும் தம் கையிலிருந்தும் உதவித்தொகை ஏற்படுத்தினார் என்பதையும் அதே நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. தம்மை முன்பு இகழ்ந்தவர்களைப் பழிதீர்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே. இரண்டையும் நான் நம்புகிறேன்.

மூன்றாம் நாள், வியாழன்

காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முதலில் வரவேற்பது மாநிலங்களுக்கிடையேயான பேருந்து நிலையத்தின் இரைச்சல். ஹரித்வார், சண்டிகர், சிம்லா என்று நடத்துநர்கள் கூவுகிறார்கள். இந்தப் பேருந்து நிலையம் நிற்கும் நிலத்தில் ஒரு பகுதியும், அதன் வடக்கே இன்று பூங்காவாக மிஞ்சியிருக்கும் பகுதியும் சேர்ந்ததுதான் 1748 வாக்கில் பேகம் அமைத்த குத்ஸியா பாக். நகர மதிலுக்கு வெளியே, யமுனையின் கரையில், பழமரங்களும் மலர்ப்பாத்திகளும் நீர்க்கால்களும் நடுவே அரண்மனையும் கொண்ட நாற்பகுதித் தோட்டம் அது. யமுனை அப்போது தோட்டத்துச் சுவரைத் தொட்டு ஓடிற்று. இப்போது ஆறு கிழக்கே விலகிப் போய்விட்டது. அந்த இடத்தில் வட்டச் சாலையில் லாரிகள் ஓடுகின்றன.

மேற்கு வாயில் இன்னும் நிற்கிறது. எதிர்பார்த்ததைவிடப் பெரியது, உயரமானது. லக்கோரி எனப்படும் மெல்லிய செங்கற்களைச் சுண்ணச் சாந்தில் அடுக்கிக் கட்டி, மேலே வெண்சுதை பூசி, அதில் இலையும் பூவும் புடைப்பாக வேலை செய்திருக்கிறார்கள். சுதை உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிகிறது. ஷாஜஹானின் பளிங்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏழ்மையாகத் தோன்றும், உண்மையும் அதுதான்: நாதிர் ஷா மயிலாசனத்தையும் கஜானாவையும் வாரிக்கொண்டு போன பிறகு, பளிங்கு வாங்கும் வசதி தில்லியில் யாரிடமும் பெரிதாக இல்லை. ஆனால் வளைவுகளைக் கூர்ந்து பார்த்தால், கட்டியவர்கள் கைத்திறனில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். கல்லில் செய்ய முடியாததைச் சுதையில் செய்திருக்கிறார்கள்.

வாயிலின் நிழலில் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேகம் மீதான குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது இதுவே: படைவீரர்களுக்கு மாதக்கணக்கில், பின்னர் ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லாதபோது, இவர் தோட்டமும் மசூதியும் கட்டினார், தம் பிறந்தநாளைச் சக்கரவர்த்தியின் பிறந்தநாளைவிட ஆடம்பரமாகக் கொண்டாடினார். அதை மறுக்க எனக்கு வழியில்லை, மறுக்கவும் விரும்பவில்லை. வீரர்கள் குதிரைகளை விற்றுச் சாப்பிட்டார்கள். அரண்மனைக் கிடங்கிலிருந்த ஆயுதங்களையும் கம்பளங்களையும் சமையல் பாத்திரங்களையும் பட்டியல் போட்டுக் கடைக்காரர்களுக்கு விற்று, கொஞ்சம் சம்பளம் கொடுக்கும் நிலை வந்தது. சம்பளம் கிடைக்காத காவல் வீரர்கள் ஒருநாள் அரண்மனை வாசலில் ஒரு கழுதையையும் ஒரு பெட்டை நாயையும் கட்டிவைத்து, அவைக்கு வந்த பிரபுக்களிடம், “முதலில் இவர்களுக்கு வணக்கம் செலுத்துங்கள், இவர் நவாப் பகதூர், இவர் ஹஸ்ரத் குத்ஸியா” என்றார்களாம். நவாப் பகதூர் என்பது ஜாவித் கானின் பட்டம்.

அந்தக் கேலியில் பசியும் இருக்கிறது, அருவருப்பும் இருக்கிறது. பசி நியாயமானது. ஆனால் சம்பளப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், பிறந்தநாள் விளக்குகளில் போனது அதில் சிறு பங்கே. வங்காளமும் தக்காணமும் அவதும் பெயருக்குத்தான் பேரரசில் இருந்தன, வரி தில்லிக்கு ஒழுங்காக வரவில்லை. 1752-இல் பஞ்சாபும் ஆப்கானிய அரசன் அகமது ஷா அப்தாலியின் கைக்குப் போயிற்று. மிச்சமிருந்த அரசு நிலங்களைப் பிரபுக்கள் தங்கள் ஜாகீர்களாக, அதாவது வரி தமக்கே வரும் நிலங்களாக, ஆக்கிக்கொண்டார்கள். அவர்களில் யாரையும் குறிக்க வாசலில் ஒரு விலங்கும் கட்டப்படவில்லை.

தோட்டத்தின் உள்ளே பேகம் கட்டிய மசூதியில் இன்றும் தொழுகை நடக்கிறது. பழைய அரண்மனை இல்லை. 1789-இல் தில்லிக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் ஆற்றிலிருந்து பார்த்த அதன் முகப்பை வரைந்திருக்கிறார்கள். கட்டி நாற்பதே ஆண்டுகளில் அது சிதைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை இங்கே பீரங்கிகளை நிறுத்தி நகர மதிலைச் சுட்டது. அத்துடன் அரண்மனையின் கதை முடிந்தது. இப்போது பூங்காவில் டென்னிஸ் திடல் இருக்கிறது, முதியவர்கள் வெயில் காய்கிறார்கள், ஒரு பையன் ஏதோ போட்டித் தேர்வுக்குச் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். முகலாயர் பாடமாக இருக்குமோ என்று காதைக் கொடுத்தேன், வட்டிக் கணக்கு.

நான்காம் நாள், வெள்ளி

ஜோர் பாக் மெட்ரோ நிலையத்துக்கு அருகே, அலிகஞ்ச் பகுதியில், ஷா-ஏ-மர்தான் தர்கா இருக்கிறது. இமாம் அலியின் பாதச் சுவடு என்று போற்றப்படும் கல் இங்கே உள்ளது. மதிலையும் மஜ்லிஸ் கானா என்னும் கூட்ட மண்டபத்தையும் மசூதியையும் குளத்தையும் ஹிஜ்ரி 1161-இல், அதாவது மகன் அரசேறிய ஆண்டிலேயே, ஜாவித் கானின் மேற்பார்வையில் குத்ஸியா பேகம் கட்டுவித்தார். வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம். காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக அமர்ந்தேன்.

ஜாவித் கானைப் பற்றி இங்கே எழுதுவது பொருந்தும். முகம்மது ஷா காலத்தில் அந்தப்புர ஊழியர்களின் துணை மேற்பார்வையாளராகவும் பேகங்களின் சொத்துகளைப் பார்த்துக்கொள்பவராகவும் இருந்த குவாஜாசரா அவர். பேகம் ஆட்சிக்கு வந்ததும் திவான்-ஏ-காஸ் என்னும் தனி அவை மண்டபத்தின் தாரோகா, அதாவது கண்காணிப்பாளர், ஆனார், ஆறாயிரம் மன்சப் பெற்றார், எல்லா மனுக்களும் அவர் கை வழியே போயின. இருவருக்கும் இடையே இருந்த உறவைப் பற்றி அன்றைய தில்லியின் வாய் மூடவில்லை, பின்னால் எழுதியவர்களின் பேனாவும் ஓயவில்லை. எனக்கு அதில் ஆர்வமில்லை. அவையில் ஒரு கூட்டமோ பிறந்தகத்துப் படையோ இல்லாத ஒரு பெண், திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரக்கூடிய ஒரே வகை மனிதரைத் தன் அமைச்சராக வைத்துக்கொண்டார். அரசியலாக அது சரியான கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தவர் வஸீர் சஃப்தர் ஜங். தம் அதிகாரத்துக்குக் குறுக்கே நின்ற ஜாவித் கானை 1752 ஆகஸ்டில் விருந்துக்கு அழைத்துத் தம் மாளிகையிலேயே வெட்டச் செய்தார். பேகம் நகைகளைக் களைந்து வெள்ளை உடுத்தினார் என்கிறார்கள். அடுத்த ஆண்டில் சக்கரவர்த்திக்கும் அவருடைய சொந்த வஸீருக்கும் தில்லித் தெருக்களிலேயே மாதக்கணக்கில் போர் நடந்தது. சஃப்தர் ஜங்குக்குத் துணையாக வந்த ஜாட்டுகள் பழைய தில்லியைச் சூறையாடினார்கள். அரண்மனைத் தரப்பில் நின்று சண்டையிட்டது ஹைதராபாத் நிஜாம் மரபை நிறுவிய நிஜாம் உல் முல்க்கின் பேரன், இருபது வயதும் நிரம்பாத இமாத் உல் முல்க். வஸீரைத் துரத்த இந்த இளைஞனை வளர்த்துவிட்டதுதான் பேகம் செய்த மிகப் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். தோட்டங்களும் மசூதிகளும் அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

தர்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் சஃப்தர் ஜங்கின் சமாதி. 1754-இல் இறந்த அவருக்கு மகன் ஷுஜா உத் தௌலா எழுப்பியது. இதற்கான பளிங்கைக் அக்பர் காலத்துத் தளபதி கான்-ஏ-கானான் அப்துர் ரஹீமின் சமாதியிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள் என்பதும் அந்தக் கால கஜானாவின் நிலையைச் சொல்லும். கொன்றவரின் பளிங்குக் குவிமாடத்தைச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். கொல்லப்பட்டவர் மேற்பார்த்த மதில் நாலு தெரு தள்ளி வீடுகளுக்கு நடுவே கிடக்கிறது. நானும் இரண்டு படம் எடுத்தேன். அழகான கட்டடம், என்ன செய்வது.

ஐந்தாம் நாள், சனி

உறவினர் வீட்டுக்காகக் காசியாபாத் போக, பழைய தில்லி நிலையத்தில் ரயில் ஏறினேன். கிழக்கே போகும் தண்டவாளம் யமுனைப் பாலத்தை அடையும் முன் சலீம்கர் கோட்டையை ஊடறுத்துச் செல்கிறது. 1546-இல் சலீம் ஷா சூர் கட்டிய இந்தக் கோட்டையை முகலாயர்கள் அரச குடும்பத்துக் கைதிகளுக்குச் சிறையாக வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. ஜன்னலோரத்து அம்மாளிடம் கேட்டு இடம் மாறிக்கொண்டேன்.

1754 மே மாதம் அகமது ஷாவும் தாயும் அந்தப்புரப் பெண்களும் பரிவாரத்தோடு தில்லிக்குத் தென்கிழக்கே சிக்கந்தராபாத்தில் முகாமிட்டிருந்தபோது, மல்ஹர் ராவ் ஹோல்கரின் மராட்டியப் படை நெருங்கிவிட்டது என்று இரவில் செய்தி வந்தது. மகனும் தாயும் வேறு சிலரும் மட்டும் அந்த இருட்டிலேயே தில்லிக்கு ஓடினார்கள். மற்றப் பெண்களைப் பின்னால் விட்டுவிட்டார்கள். விடப்பட்டவர்களில் மலிக்கா உஸ் ஸமானியும் ஒருவர். அகமதுவை வளர்த்த அதே அரசி. ஹோல்கர் அவரை மரியாதையோடு நடத்தினார் என்பது வேறு விஷயம். உதம் பாயைப் பற்றிப் படித்ததில் என்னால் அவருக்காக வாதாட முடியாத இடம் இது ஒன்றுதான். ஐந்து நாட்களாக யோசித்தும் ஒரு வாதமும் கிடைக்கவில்லை.

ஜூன் 2 அன்று மராட்டியரின் பலத்தோடு வஸீர் பதவியை வாங்கிக்கொண்ட இமாத் உல் முல்க், அன்றே அகமது ஷாவை இறக்கி, இரண்டாம் ஆலம்கீரை அரியணையில் அமர்த்தினான். தாயும் மகனும் ரங் மஹலுக்கு முன்னிருந்த தோட்டத்தில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டார்கள். இருவரையும் சிறையிலிட்டுக் கண்களைக் குருடாக்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. திரைக்குப் பின்னிருந்து பேரரசை நடத்த அவருக்குக் கிடைத்தது ஆறு ஆண்டுகள். அகமது ஷா அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்வையற்றவனாகக் கைதியாகவே வாழ்ந்து 1775 ஜனவரி முதல் நாள் இறந்தான்.

ரயில் மெதுவாக நகர்ந்தது. கரடுமுரடான கல் மதில் ஒருபக்கம் வந்தது, ஒரு கொத்தளம், புல் முளைத்த மேடு, பிறகு திடீரென்று வெளிச்சமும் ஆற்று நாற்றமும். ஒரு நிமிடம்கூட இருக்காது. என்ன அப்படிப் பார்க்கிறாய் மகளே என்று அந்த அம்மாள் கேட்டார். என் அரைகுறை இந்தியில் குத்ஸியா பேகம் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்; பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. குத்ஸியா படித்துறையைத் தெரியும், சூரியனை வணங்கும் சட் பூஜைக்கு ஆண்டுதோறும் அங்கேதான் போகிறோம், தண்ணீர்தான் இந்த முறை மிகவும் கறுப்பு என்றார்.